'போடா'ன்னா போகணுமா?

எல்லாருக்கும் வணக்கம். நோட்டீஸ்ல தலைப்பைப் பாத்துட்டு ரெண்டு மூணு பேர் மூஞ்சிய சுளிச்சாங்களாம், பயப்படாதீங்க, கெட்ட வார்த்தை எதுவும் பேச வரல, வெறும் 'போடா' மட்டும்தான்.

நம்ம வீட்ல கெளம்பும்போது யாராச்சும் 'போறேன்'னு சொல்றோமா? 'வரேன்'னுதான் சொல்லுவோம், வாய் தவறி 'போறேம்மா'ன்னு வந்துட்டா, 'போயிட்டு வரேன்னு சொல்லுடா'ன்னு பாட்டி வாசல்லயே நிப்பாட்டிரும். அனுப்பி வைக்கிறவங்களும் 'போயிட்டு வா'ன்னுதான் சொல்லுவாங்க. இப்படிப் பழகுன காதுல, அந்த 'வா'வப் புடுங்கிட்டு மொட்டையா 'போ'ன்னா சுருக்குனு தைக்காம என்ன பண்ணும்?

ஆனா 'டா' சேந்தா கதையே வேற. கூட்டாளி ஏதோ அளந்து விடுறான், 'போடாஆ'ன்னு இழுக்குறோம், அவன் எங்கயும் போக வேணாம், நம்பலன்னு அர்த்தம், அவ்ளோதான். 'அட போடா'ன்னா சலிப்பு. 'போடாங்...'னு மூக்குலயே நிறுத்துனா பின்னாடி வர வேண்டியத முழுங்கிட்டான்னு அர்த்தம், முழுங்குனது என்னன்னு கேக்குறவனுக்கும் தெரியும். இதையே பழக்கமில்லாத ஆள்கிட்ட, அதுவும் வயசுல மூத்தவர்கிட்ட சொல்லிப் பாருங்க, சட்டைல கை விழும். மதுரைப் பக்கம் 'போடா அங்கிட்டு', நெல்லைல 'போல', மெட்ராஸ்ல 'கெளம்பு, காத்து வரட்டும்'. என்னைக் கேட்டா இந்தக் காத்துதான் ரொம்ப மோசம், திட்டக்கூட இல்ல, எதிர்ல நிக்கிறவன ஜன்னல மறைச்சிட்டு நிக்கிற பீரோவா ஆக்கிட்டாங்க பாருங்க!

இது நேத்து வந்த பழக்கம்னு நெனைக்காதீங்க. பரத்தை, அதாவது தாசி வீட்டுக்குப் போயிட்டு திரும்பி வந்து வாசல்ல நிக்கிற தலைவன உள்ள விடாம பேசி அனுப்புறதுக்கு 'வாயில் மறுத்தல்'னு தனித் துறையே வச்சிருக்கு சங்க இலக்கியம். மருதத் திணைப் பாட்டு பூரா இந்த ஊடல்தான், அதாவது தலைவி தலைவன் மேல காட்டுற கோவம்தான்.

சரி, 2020க்கு வருவோம். ஆகஸ்ட்ல சென்னை ஏர்போர்ட்ல, ஹிந்தி தெரியாதுன்னு சொன்னதுக்கு நீங்க இந்தியரான்னு பாதுகாப்பு அதிகாரி ஒருத்தர் கேட்டாங்கன்னு திமுக எம்.பி. கனிமொழி சொன்னது பெரிய பேச்சாச்சு, செப்டம்பர்ல 'ஹிந்தி தெரியாது போடா' டீ ஷர்ட் வந்துச்சு. நடிகர் ஷிரிஷ் அதைப் போட்டுக்கிட்டு யுவன் சங்கர் ராஜாவோட நின்ன போட்டோ எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த வரில கடைசி வார்த்தைய கையால மறைச்சிட்டுப் படிங்க. 'ஹிந்தி தெரியாது.' ஏதோ ஃபார்ம்ல எழுதுன மாதிரி இருக்கு, கொஞ்சம் கூச்சம்கூட தெரியுது. கைய எடுங்க, கூச்சம் போயிடுது, இப்ப கேட்டவன்தான் முழிக்கணும். அந்த 'டா' யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடாததால அப்பா முன்னாடியே பையன் அதை மாட்டிக்கிட்டு சோறு சாப்பிடலாம், அவரும் ஒண்ணும் சொல்லமாட்டாரு.

எதிர்த்தரப்பு சும்மா இருக்குமா, பதிலுக்கு 'திமுக வேணாம் போடா'ன்னு ட்ரெண்ட் பண்ணாங்க, அவங்களுக்கும் வேற வார்த்தை தோணல.