கேப்பையும் நெய்யும் கொஞ்சம் கதையும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அறிமுகவுரையில் நான் எழுதாத இரண்டு புத்தகங்களையும் என் கணக்கில் சேர்த்துவிட்ட செயலாளர் அவர்களே, வாழ்த்துரைக்காக முன்வரிசையில் காத்திருக்கும் பெரியவர்களே, தூணுக்குப் பின்னால் நிற்கும் இளைஞர்களே, மைக்கோடு மல்லுக்கட்டிக் களைத்துப்போன தம்பி, எல்லாருக்கும் வணக்கம். சால்வைக்கும் நன்றி.

கதையின் அடிப்படைக் கூறுகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். களம், சிக்கல், ஆள், குரல், முடிவு என்று ஐந்தாகப் பிரித்து எழுதி வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு பழமொழி. 'கேட்பவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடிகிறது என்பானாம்.' புளுகுகிறவனைத் திட்டத்தான் இதைச் சொல்வோம். எனக்கென்னவோ கதை சொல்வதில் முதல் பாடமே இதுதான். கேப்பையில் நெய் தாராளமாக வடியட்டும், கதையில் எதுவும் நடக்கலாம், ஆனால் கேட்கிறவரைக் கேனையன் என்று நினைத்துவிட்டால் போச்சு.

களம். தொல்காப்பியம் முதல், கரு, உரி என்கிறது. முதல் என்பது நிலமும் பொழுதும். கரு அங்கே உள்ள மரம், விலங்கு, தொழில். உரி சேர்வதும் பிரிவதும் காத்திருப்பதும் ஊடுவதுமான மனசு. அகப்பாட்டுக்குச் சொன்னது, கதைக்கும் அப்படியே பொருந்துகிறது. நம்மில் பலர் மழையையும் மரத்தையும் நான்கு பக்கம் எழுதிவிட்டு உரியைக் கோட்டை விட்டுவிடுகிறோம்.

சரி, சிக்கலுக்கு வருகிறேன். ஆங்கில நாவலாசிரியர் ஈ.எம். ஃபார்ஸ்டர் 1927இல் கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரையில் ஓர் உதாரணம் சொன்னார். அரசர் இறந்தார், பிறகு அரசி இறந்தார் என்றால் அது வெறும் கதை. அரசி துயரம் தாங்காமல் இறந்தார் என்றால் அது கதைப்பின்னல். நடுவில் ஒரு 'ஏன்' வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்த 'ஏன்' எப்படி வரும் என்று என் பேத்தியிடம்தான் படித்தேன். ஒருநாள் ராத்திரி, எனக்கோ தூக்கம், கிணற்றில் தன் நிழலைப் பார்த்துப் பாய்ந்த சிங்கத்தின் கதையை வேகவேகமாக முடித்துக்கொண்டிருந்தேன். சிங்கம் எட்டிப் பார்த்தது, உள்ளே இன்னொரு சிங்கம், உறுமியது, பாய்ந்தது, கதை முடிந்தது, தூங்கு என்றேன். அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "தாத்தா, அது தினமும் தண்ணி குடிக்குமே, அப்போ அதோட மூஞ்சியைப் பார்த்ததே இல்லையா?" அறுபது வருஷமாகத் தெரிந்த கதை, எனக்கு இது தோன்றவே இல்லை. கோபத்தில் கண் தெரியாது என்று மழுப்பினேன். ஒப்புக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "குனிஞ்சு நாக்கை விட்டா தண்ணி கலங்கிடும், அதான் தெரியலை. கிணத்துல நாக்கு எட்டாது."

பாருங்கள், என் கதையில் ஓட்டை, அடைத்தது கேட்டவள்!

அதனால்தான் போகிற மேடையில் எல்லாம் இதையே கேட்கிறேன், தலைவருக்கு அலுத்தே போயிருக்கும். பள்ளியில் வாரம் ஒரு பீரியட் கதைக்கு விடுங்கள். மதிப்பெண் வேண்டாம், 'கதையின் நீதி யாது' என்ற கேள்வி வேண்டவே வேண்டாம். யாராவது எதிரே உட்கார்ந்து வாயால் சொல்ல வேண்டும், பிள்ளைகள் குறுக்கே கேட்க வேண்டும். போனில் ஓடுகிற கதை நன்றாகத்தான் இருக்கிறது, குறுக்கே கேட்டால் அது நிற்பதில்லையே.

தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். ஆள், குரல், முடிவு மூன்றும் என் காகிதத்திலேயே இருக்கட்டும். வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம், பக்கத்துப் பள்ளிக்கு வந்து ஒரு மணி நேரம் கதை சொல்ல முடிகிறவர்கள் பெயரை எழுதிவிட்டுப் போங்கள். பேனா கட்டித்தான் இருக்கிறது.