ஒரு இளநீர் ஐந்து லட்சம்

நேயர்களுக்கு வணக்கம். வியட்நாமில் போய் இறங்கி 100 டாலரை மாற்றினேன். 25 லட்சத்துக்கும் மேல் கையில் கொடுத்தார்கள். ஊரில் ஒரு மனை வாங்கலாம் போலிருந்தது. நாலு நாள் சாப்பாட்டுக்கும் டாக்சிக்கும் சரியாகப் போனது.

அந்த ஊர்ப் பணத்தின் பெயர் டாங். 1985-இல் பழைய 10 டாங்குக்குப் புதிய 1 டாங் என்று மாற்றிப் பார்த்தார்கள். விலைவாசி அடங்கவில்லை, சைபர்கள்தான் கூடிக்கொண்டே போயின. அதனால் பேச்சில் ஆயிரத்தை விழுங்கிவிடுகிறார்கள். உணவகத்தின் விலைப்பட்டியலில் 50 என்று இருந்தால் அது ஐம்பதாயிரம். நம் ரூபாயில் எவ்வளவு? 50-ஐ மூன்றால் பெருக்கி, அதில் பத்தில் ஒரு பங்கைச் சேருங்கள். சுமார் 165 ரூபாய். கடைவீதிக்கு இந்தக் கணக்கு போதும்.

கணக்கை விடச் சிக்கல் தாள்தான். எல்லாத் தாளிலும் அவர்களுடைய விடுதலைத் தலைவர் ஹோ சி மின் படம். பத்தாயிரமும் அதற்கு மேலும் பிளாஸ்டிக் தாள். புதுசாக இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். விரலால் தேய்த்துத்தான் எண்ண வேண்டும். இதில் இருபதாயிரமும் நீலம், ஐந்து லட்சமும் நீலம்!

ஹோய் ஆன் என்ற ஊரில், ஜப்பானியப் பாலத்துக்குப் பக்கத்தில், இருட்டுகிற நேரம். இளநீர் குடித்துவிட்டு நீலத் தாளை நீட்டினேன். அந்த அம்மா வாங்கவே இல்லை. என் கையிலிருந்த கத்தையிலிருந்து வேறொரு நீலத் தாளை உருவி, அதன் பின்பக்கத்தைக் காட்டி, எதிரே இருந்த பாலத்தையும் காட்டினார். அதே பாலம்! அதுதான் இருபதாயிரம். நான் நீட்டிய ஐந்து லட்சத்தில் இருந்தது ஹோ சி மின் பிறந்த ஊர் வீடு. 66 ரூபாய் இளநீருக்கு 1,650 ரூபாய் கொடுக்கப் பார்த்திருக்கிறேன். அப்புறம் நிறத்தை நம்பவில்லை. பாலமா, வீடா என்று திருப்பிப் பார்த்தே கொடுத்தேன்.

அடுத்த தெருவில், நடுவே சதுர ஓட்டை போட்ட பழைய செம்புக் காசுகள் விற்றார்கள். டாங் என்றாலே அவர்கள் மொழியில் செம்பு என்றும் பொருள். இந்த ஓட்டைக் காசுக்கு ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்று பெயர். அது போர்ச்சுகீசியர் வாய்வழியாகப் போன நம் ‘காசு’தான். ஒன்றை எடுத்து விலை கேட்டேன். கடைக்காரர் கால்குலேட்டரில் 100 என்று தட்டிக் காட்டினார். நான் பச்சைத் தாளை, ஒரு லட்சத்தை, எடுத்து நீட்டினேன்.