இறந்தவர்கள் 10,000, இழப்பீடு 68,000 குடும்பங்களுக்கு: கொரோனா கணக்கு எங்கே உதைக்கிறது?

குஜராத்தில் கொரோனாவால் இறந்தவர்கள் 10,094 பேர். இது அந்த மாநில அரசின் கணக்கு. அதே அரசு, அதே கொரோனா மரணத்துக்காக இழப்பீடு கொடுக்க ஏற்றுக்கொண்ட மனுக்கள் 68,370. குடும்ப அட்டையில் நாலு பேரை எழுதிவிட்டு இருபத்தேழு பேருக்கு அரிசி போட்ட மாதிரி இருக்கிறது, இல்லையா? இது வாட்ஸ்அப் ஃபார்வர்டு கிடையாது, எதிர்க்கட்சி மேடையில் பேசியதும் கிடையாது. 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் முன்னால் வந்த எண்கள்.

வணக்கம் மக்களே. கீழே கமென்ட்டில் சண்டை வரும் என்று தெரியும், வரட்டும், வீடியோவை முழுதாகப் பார்த்துவிட்டுச் சண்டை போடுங்கள்.

பின்னணியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: 2020 மார்ச்சில் ஊரடங்கு, 2021 ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை, ஆக்சிஜனுக்கு ஆளாய்ப் பறந்தோம், உங்களுக்கே எல்லாம் தெரியும். 2021 முடியும்போது இந்தியாவின் அதிகாரப்பூர்வ கொரோனா மரணங்கள் சுமார் 4.8 லட்சம்.

சரி, இப்போது குஜராத்துக்கு வருவோம். எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

(திரையில்: அகமதாபாத், 2021 ஏப்ரல் 12)

அரசு சொல்லும் எண்ணில் சந்தேகம் வந்து, சந்தேஷ் என்ற குஜராத்தி நாளிதழ் தன் செய்தியாளர்களை 1,200 படுக்கைகள் கொண்ட ஒரு கோவிட் மருத்துவமனை வாசலில் நிறுத்தியது. வேலை ஒன்றே ஒன்றுதான், வெளியே போகும் உடல்களை எண்ணுவது. 17 மணி நேரத்தில், ஒரே ஒரு வாசலில், ஆம்புலன்ஸில் ஏற்றப்பட்டவை அறுபதுக்கும் மேல். மறுநாள் அரசு அறிவித்தது எவ்வளவு தெரியுமா? அகமதாபாத் நகர் முழுவதற்கும் 20! சில நாள் கழித்து அதே ஆட்கள் ராத்திரியில் வண்டி எடுத்துக்கொண்டு 21 சுடுகாடுகளைச் சுற்றி வந்து எண்ணினார்கள், 200 உடல்களுக்கு மேல் வந்தது, மறுநாள் அறிவிப்பு 25. மாடல் இல்லை, சாஃப்ட்வேர் இல்லை, புள்ளியியல் நிபுணர் இல்லை, வாசலில் நின்று ஒன்று, இரண்டு, மூன்று. இதைவிட நேர்மையான ஆய்வு முறை ஒன்றை எனக்குக் காட்டுங்கள் பார்ப்போம்.

எப்படி விட்டுப்போனது? யாரோ உட்கார்ந்து எண்ணை அழித்தார்கள் என்று நினைக்க வேண்டாம், அதைவிட எளிதான வழி இருந்தது. கொரோனா பாசிட்டிவ் ஆன ஒருவருக்கு ஏற்கெனவே சர்க்கரையோ இதயக் கோளாறோ இருந்து அவர் இறந்துபோனால், மருத்துவக் குழு ஒன்று கூடி 'முதன்மைக் காரணம்' எது என்று முடிவு செய்யும். மாரடைப்பு என்று எழுதிவிட்டால் அது கொரோனா கணக்கில் வராது. அப்போதைய முதல்வர் விஜய் ரூபானியே இதை வெளிப்படையாகச் சொன்னார், ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் விதிப்படிதான் செய்கிறோம் என்றார். ஆனால் 2020-இல் ஐசிஎம்ஆர் கொடுத்த வழிகாட்டுதலோ, இணை நோய்களை மரணத்தின் அடிப்படைக் காரணமாக எழுதக்கூடாது என்கிறது. நாற்பது வயதுக்கு மேல் சர்க்கரையும் பிரஷரும் இல்லாதவர்களை நம் தெருவிலேயே தேடித்தான் பிடிக்க வேண்டும், அப்புறம் யார்தான் கொரோனாவில் சாவது?

பிறகு காசு உள்ளே வந்தது. ஒவ்வொரு மரணத்துக்கும் 50,000 ரூபாய் என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் முடிவு செய்ய, 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. பாசிட்டிவ் ஆன 30 நாளுக்குள் இறந்தால், வீட்டில் இறந்திருந்தாலும் சரி, கொரோனா மரணம்தான். இறப்புச் சான்றிதழில் காரணம் இல்லையே என்று கேட்டு மனுவைத் தள்ளவும் கூடாது. சட்டப்படி இந்தியாவில் இறப்புச் சான்றிதழில் காரணமே அச்சிட மாட்டார்கள், வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள்! இப்படி விதியை மாற்றியதும் விட்டுப்போனவர்கள் எல்லாம் மனுவாக வந்து நின்றார்கள். தெலங்கானாவில் கணக்கு 3,993, மனுக்கள் 28,969.

"காசு என்றதும் போலி மனுவும் வந்திருக்குமே" என்று ஒருவர் டைப் செய்யத் தொடங்கியிருப்பார். நியாயம்தான், வந்தது. போலி மருத்துவச் சான்றிதழ்கள் பற்றி உச்ச நீதிமன்றமே கவலைப்பட்டு, 2022 மார்ச்சில் ஆந்திரா, குஜராத், கேரளா, மகாராஷ்டிரா ஆகிய நான்கு மாநிலங்களில் 5 சதவீத மனுக்களைச் சரிபார்க்கச் சொன்னது. ஆனால் நான் முதலில் சொன்ன 68,370 வந்து குவிந்த மனுக்கள் இல்லை, அரசே பார்த்து ஏற்றவை. அரசுக் கணக்கான 10,094-க்கும் இதற்கும் நடுவில் இருக்கும் 58,000 பேரும் போலி என்றால் அரசு இன்னும் பெரிய சிக்கலில் மாட்டும்.

தமிழ்நாடு யோக்கியமா? 2020-இல் சென்னை மாநகராட்சிப் பதிவேடும் மாநிலப் பட்டியலும் ஒத்துப்போகாமல், குழு போட்டு, ஜூலை 22 அன்று விட்டுப்போன 444 மரணங்களை ஒரே நாளில் சேர்த்தார்கள். அன்றைய தலைப்புச் செய்தி பயங்கரமாக இருந்தது, ஆனாலும் சேர்த்தார்கள், அதற்கு ஒரு லைக் போடலாம். பெரு நாடு 2021-இல் இப்படி மறுபடி எண்ணியபோது 69,342 என்பது 1,80,764 ஆனது.

இப்போது பெரிய சண்டை. 2022 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம், 2020, 2021 இரண்டு ஆண்டிலும் இந்தியாவில் வழக்கத்தைவிடக் கூடுதலாக இறந்தவர்கள் சுமார் 47 லட்சம் என்றது, அதாவது அரசுக் கணக்கைப்போல் கிட்டத்தட்ட பத்து மடங்கு. கணித மாடலை நம்ப முடியாது, எங்களிடம் நிஜமான பதிவுகள் இருக்கின்றன என்று டெல்லி கொதித்தது. அந்த வாதத்தில் ஒரு நியாயம் உண்டு, 47 லட்சம் என்பது மதிப்பீடு, எண்ணிப் பார்த்தது கிடையாது.

சரி, அந்த நிஜப் பதிவு என்ன சொல்கிறது? 2019-இல் நாடு முழுக்கப் பதிவான மரணங்கள் 76.4 லட்சம், 2020-இல் 81.2 லட்சம், 2021-இல் 1.02 கோடி. ஒரே ஆண்டில் 21 லட்சம் ஏறியிருக்கிறது. அந்த 2021-க்கு அரசு காட்டும் கொரோனா மரணம் சுமார் 3.3 லட்சம். பதிவு செய்யும் பழக்கம் வருஷா வருஷம் கூடுகிறது, அதனால் இந்த 21 லட்சமும் கொரோனா என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் மீதிப் பேர் எதில் இறந்தார்கள் என்ற கேள்விக்கு, மாடலைத் திட்டுவது பதில் ஆகாது.

இன்னொன்று. 2020-க்கான பதிவு அறிக்கை, உலக சுகாதார நிறுவனம் வாய் திறக்க இரண்டு நாள் முன்பு, 2022 மே 3 அன்று சட்டென்று வெளியானது. 2021-க்கான அறிக்கை, அதுதான் இரண்டாம் அலை நடந்த ஆண்டு, எப்போது வந்தது தெரியுமா? 2025 மே.

உங்கள் வீட்டில் யாராவது விட்டுப்போன கணக்கில் இருந்து, பிறகு 50,000 கிடைத்திருந்தால், எந்த ஊர், எத்தனை தடவை அலைந்தீர்கள் என்று கமென்ட்டில் எழுதுங்கள். பெயர் வேண்டாம், ஊர் போதும்.