ஐஸுக்குப் பக்கத்தில் கரடி எதற்கு?

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கொஞ்சம் கடுப்பில் இருக்கிறேன், முன்னாடியே சொல்லிவிடுகிறேன். போன வீடியோவில் காட்டினேனே, நான் வரையும் கிரீன்லாந்து பனிப்பாறை ஓவியம், அதை வாங்கிக்கொள்கிறேன் என்றவர் நேற்று போன் செய்து, "எல்லாம் நல்லா இருக்கு, ஓரமா ஒரு பனிக்கரடி போட்டுக் கொடுங்களேன்" என்கிறார். எனக்கும் அந்தக் கரடிக்கும் ஆகாது என்பது உங்களுக்கே தெரியும். துண்டுப் பனி, அதன் மேல் பாவமாக ஒரு கரடி. பருவநிலை மாற்றம் என்றாலே இதுதானா?

இது பழைய வியாதி. ஃபிரெடெரிக் சர்ச் என்ற அமெரிக்க ஓவியர் 1859-ல் கனடா கரையில் உள்ள நியூஃபவுண்ட்லாந்து, லாப்ரடார் பக்கம் கப்பலில் போய்ப் பனிமலைகளைப் பார்த்துப் பார்த்து வரைந்து, 1861-ல் நியூயார்க்கில் பெரிய ஓவியமாக வைத்தார். ஐஸ் மட்டும்தான். விலைபோகவில்லை. 1863-ல் லண்டனில் வைப்பதற்குள் முன்னால் ஓர் உடைந்த பாய்மரம் முளைத்துவிட்டது! எனக்கு அந்த மரத்தைக் கண்டாலே பிடிக்காது.

இந்தக் காலத்து அமெரிக்க ஓவியர் ஸாரியா ஃபோர்மனைப் பாருங்கள். கரடி இல்லை, கப்பல் இல்லை, ஆள் இல்லை. ஆளுயரத் தாளில் பாஸ்டலை, அதாவது சாக்பீஸ் மாதிரி இருக்கும் வண்ணக் குச்சியை, விரலாலும் உள்ளங்கையாலும் தேய்த்தே ஐஸைக் கொண்டுவருகிறார்.

சரி, பாஸ்டல். ஒரே ஒரு டர்க்காய்ஸ், அதாவது பச்சை கலந்த நீலக் குச்சி 450 ரூபாய். ஒரு குச்சி! ஆன்லைனில் வரவழைத்தால் பார்சலுக்குள் மூன்று துண்டு. பபிள் ராப் இல்லை, ஒரு பேப்பரைக்கூடச் சுற்றவில்லை. திருப்பி எடுக்க மாட்டார்களாம், "வண்ணம் சரியாகத்தானே இருக்கிறது" என்று பதில் வேறு. வயிற்றெரிச்சல். ஆனால் பாருங்கள், உடைந்த முனை கூராக இருக்கிறதா, இதோ இந்த விரிசல் கோடு, ஒரே இழுப்பில் வந்தது. முழுக் குச்சியில் இது வரவே வராது.

ஆங், சொல்ல மறந்துவிட்டேன், தாள் கறுப்பு. வெள்ளைத் தாளில் ஐஸ் போடாதீர்கள். ஐஸ் வெள்ளை இல்லை. பனி வருடக்கணக்கில் அழுந்தி அழுந்திக் காற்றுக் குமிழ்கள் போய்விட்டால், ஒளியில் உள்ள சிவப்பை அது விழுங்கிவிடும், நமக்கு வருவது நீலம்தான். குமிழ் இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளை தொடுங்கள்.

அப்புறம் இங்கே, நடுவில் இந்தக் கருநீலத் திட்டு. பனிப்பரப்பின் மேல் கோடையில் உருகித் தேங்கும் குளம் இது. சுற்றியுள்ள வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பும், இது உள்ளே வாங்கும், அதனால் அடியில் இன்னும் வேகமாக உருகும். கரடி கேட்டவருக்கு இதைத்தான் காட்டப்போகிறேன். வேண்டாமென்றால் என் சுவரிலேயே தொங்கட்டும்.

ஃபிக்ஸேட்டிவ், அதாவது பாஸ்டல் தூள் உதிராமல் பிடித்துவைக்கும் ஸ்ப்ரே, அடிப்பீர்களா என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். மாட்டேன், வெள்ளை மங்கிவிடும். நேராகக் கண்ணாடிதான். ஃபிரேம் கடைக்காரர் சொன்ன விலையை ஆரம்பித்தால் அது தனி வீடியோ, அடுத்த வாரம் பேசலாம்.