உழுவதா, உழாமல் விடுவதா? மக்காச்சோள நிலத்தின் ஈரமும் சூடும்

எல்லோருக்கும் வணக்கம். மக்காச்சோளத்துக்கு ஆழ உழுவதா, மேலாக உழுவதா, உழாமலே விதைப்பதா என்று கேட்டால், உங்கள் மண்ணில் தண்ணீர் எப்படி வடிகிறது, விதைக்கும் நாளில் மண் எவ்வளவு சூடாக இருக்கிறது என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 1960-களின் தொடக்கத்தில் ட்ரிப்லெட், வான் டோரன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் உழவில்லாச் சாகுபடிக்குச் சோதனை வயல்கள் போட்டார்கள். வூஸ்டரில் நீர் நன்றாக வடியும் மண். ஹொய்ட்வில்லில் தண்ணீர் தேங்கும் களிமண். வூஸ்டரில் உழாத நிலம் உழுத நிலத்தை முந்தியது. ஹொய்ட்வில்லில் மக்காச்சோளத்துக்குப் பின் மக்காச்சோளமாகவே விதைத்தபோது உழாத நிலம் பின்தங்கியது. பயிரை மாற்றிப் போட்ட இடத்தில் அந்த இடைவெளி சுருங்கியது. ஒரே மாநிலம், ஒரே பயிர். உழவைப் பற்றிப் பேசும் யாரும் இந்த இரண்டு வயல்களையும் மறக்கக் கூடாது.

காரணம் எளிது. உழுதால் மண் திறக்கிறது, காய்கிறது, சீக்கிரம் சூடேறுகிறது. உழாமல் முந்தைய பயிரின் தட்டையை மண்ணின் மேலே மூடாக்காக விட்டால் ஈரம் நிற்கிறது, மண் குளிர்ந்தே இருக்கிறது. மண் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால் மக்காச்சோள விதை அசைந்துகொடுக்காது. அதனால் குளிர்நாட்டுக் களிமண்ணில் மூடாக்கு முளைப்பைத் தாமதமாக்குகிறது. வெயில் நாட்டில் அதே குளிர்ச்சி பெரும் வரம்.

அந்த வரத்தின் அருமை பூக்கும் சமயத்தில் தெரியும். ஈரம் குறைந்தால் கதிரின் பட்டிழை, அதாவது மகரந்தத்தைப் பிடிக்கும் பெண் பூவின் இழை, வெளியே வரத் தாமதமாகும். ஆண் பூ காத்திருக்காது. மகரந்தத்தை உதிர்த்து முடித்துவிடும். வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தத்தின் உயிர்ப்பும் குறையும். பச்சைப்பசேலென்று நிற்கும் பயிரில் மணி பிடிக்காத கதிரைப் பார்த்தவர்களுக்கு அந்த வேதனை புரியும். அந்தச் சில நாட்களுக்கு வேண்டிய தண்ணீரை மண்ணுக்குள் சேர்த்து வைப்பதுதான், என்னைக் கேட்டால், உழவு முறையின் முதல் வேலை.

மழையின் போக்கும் மாறி வருகிறது. வெப்பமான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும். பெய்தால் கொட்டித் தீர்க்கிறது. பொடியாக உழுத வெறும் மண்ணில் அப்படிப் பெய்தால் மேல்மண் அடைத்துக்கொண்டு இறுகும், தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடும், மண்ணையும் இழுத்துப் போகும். வருடா வருடம் ஒரே ஆழத்தில் உழுதால் அடியிலும் ஒரு கடின அடுக்கு உருவாகிறது; வேர் அதற்குக் கீழே போக முடியாமல் பக்கவாட்டில் திரும்பிவிடும். அங்கே உளிக்கலப்பையால் ஆழக் கீறிவிடுவது நல்லது, ஆனால் மண் காய்ந்திருக்கும்போது மட்டும்.

2015-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்த ஒரு கட்டுரை, 63 நாடுகளின் 610 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. உழவை நிறுத்தினால் சராசரியாக விளைச்சல் கொஞ்சம் குறைந்தது. ஆனால் வறண்ட மானாவாரி நிலத்தில் மூடாக்கும் பயிர்ச் சுழற்சியும் சேர்ந்தபோது விளைச்சல் கூடியது. தட்டையை முழுதும் அள்ளிக்கொண்டு, பயிரையும் மாற்றாமல், உழவை மட்டும் விட்டால் இழப்புதான் மிஞ்சும்; அதற்குப் பதில் உழுதுவிடலாம்.

சரி, குளிரும் ஈரமும் உள்ள நிலத்தில் மண்ணையும் காக்க வேண்டுமென்றால்? விதை விழும் வரிசையில் மட்டும் 20 முதல் 25 செ.மீ. அகலத்துக்கு உழுது, வரிசைகளுக்கு நடுவே மூடாக்கை அப்படியே விடலாம். விதைக்கு வேண்டிய சூடு கிடைக்கும், நடுவில் ஈரமும் நிற்கும். மக்காத தட்டை முதலில் தழைச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே விதைக்கும்போதே தழைச்சத்து உரத்தில் ஒரு பகுதியை விதை வரிசைக்குப் பக்கத்தில் மண்ணுக்குள் இட்டுவிட வேண்டும்.