சுவர் கேட்டு வந்திருக்கிறேன்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஓய்வூதியர் நாள் கூட்டத்தில் பேசியது)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, காலை நோயாளிகளைப் பார்த்து முடித்த கையோடு சாப்பிடாமல்கூட வந்திருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே, கருவூலத்திலிருந்து வருகை தந்திருக்கும் அலுவலர் அவர்களே (இவரை நான் மறந்தால், ஒன்றாம் தேதி இவர் நம்மை மறந்துவிடுவார்), மைக் விசிலடிக்காமல் காப்பாற்றும் தம்பி, எல்லோருக்கும் வணக்கம்.

1982 டிசம்பர் 17. நகரா என்ற ஓய்வூதியர் தொடுத்த வழக்கில் ஓய்வூதியம் கருணைத் தொகை அல்ல, உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன நாள். அந்த உரிமையை நெடுங்காலம் அனுபவிக்க உடம்பு வேண்டும். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத முடியும். முப்பத்தொரு வருஷம் பள்ளி மைதானத்தில் விசில் ஊதிய நான் பிள்ளைகளிடம் தினமும் சொன்னது இதைத்தான். இன்றைக்கும் அடிக்கடி சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று விஷயம் பேச வந்தேன். ஒன்று தசை, இரண்டு உப்பு, மூன்று மாத்திரை.

பிரஷர் என்றதும் நாம் என்ன செய்கிறோம்? தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடக்கிறோம். நல்லதுதான், நடங்கள். ஆனால் "இந்த வயசில் எடை தூக்கலாமா சார், நரம்பு வெடிச்சிடாதா?" என்று கேட்கிறீர்களே, அதற்கு என் மச்சான் கதையைச் சொல்லியாக வேண்டும்.

மச்சானுக்கு அப்போது அறுபத்தாறு வயது. பண்ருட்டிக்குப் போனவர் ஒரு பலாப்பழம் வாங்கினார். பதினெட்டுக் கிலோ. பஸ் ஏற்றிவிட சுமை தூக்குகிறவர் முப்பது ரூபாய் கேட்டார். மச்சான் முப்பது ரூபாய்க்கு உயிரையும் விடுவார், ரூபாயை விடமாட்டார். "நான் தூக்காத பழமா?" என்று தம் கட்டி ஒரே தூக்காகத் தோளில் ஏற்றிவிட்டார். விட்டாரா மூச்சை? பஸ் படி வரைக்கும் விடவில்லை. படியில் கால் வைத்ததும் கண் இருட்டி, பழத்தைக் கீழே போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். பலாப்பழத்தின் மேல்! கண்டக்டர் ஓடிவந்து, "பெரியவரே, அது சீட்டு இல்லை" என்றாராம். பழம் பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தது, லக்கேஜ் டிக்கெட்டோடு. மச்சான் ஆட்டோவில் வந்தார், இருநூற்றைம்பது ரூபாய். என் தங்கை அந்தப் பழத்தை வெட்டவே மாட்டேன் என்றுவிட்டாள். தெருவுக்கே வாசனை வந்த பிறகு நான்தான் அரிவாள்மணையை எடுத்தேன். சுளை தேன்!

பார்த்த மருத்துவர் சொன்னார்: "பழத்தின் மேல் குற்றமில்லை, தம் கட்டினதுதான் குற்றம்." 1985இல் கனடாவில் பயில்வான்களின் ரத்தக் குழாய்க்குள்ளேயே கருவியை வைத்து பிரஷரை அளந்தார்கள். தம் கட்டிக் காலால் பெரும் எடையைத் தள்ளும் நேரத்தில் சராசரியாக 320/250 காட்டியது. இறக்கி வைத்தால் சில நொடியில் இறங்கிவிடும். பயில்வான் தாங்குவார், மச்சான் தாங்குவாரா? இப்போது அவர் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து, "ஒண்ணு, ரெண்டு" என்று உரக்க எண்ணியபடி தூக்குகிறார். எண்ணுகிற வாய் தம் கட்டாது. பக்கத்து வீட்டுக் குழந்தை எண் கற்றுக்கொண்டதே அவரிடம்தான்.

அளவாகத் தூக்கினால் என்ன பயன்? 1990இல் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் 90 வயதையொட்டிய 10 பேருக்கு 8 வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறில் தசை வளருமென்றால் அறுபத்தைந்தில் வளராதா? பிரஷருக்கு வருவோம். 2023இல் பிரிட்டனின் விளையாட்டு மருத்துவ இதழ் ஒன்றில், 270 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கட்டுரை வந்தது. நடை, ஓட்டம் போன்றவற்றால் மேல் அளவு நாலரை இறங்கியது. எடைப் பயிற்சியிலும் நாலரைதான். அசையாமல் தசையை இறுக்கி நிற்கும் பயிற்சியில் எட்டுக்கு மேல்! ஆய்வுக்கு வந்தவர்கள் எல்லாரும் முதியவர்கள் அல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். இறுக்கிய தசையைத் தளர்த்தும்போது ரத்தம் பாய்ந்து வருகிறது, அந்தப் பாய்ச்சலில் குழாயின் உட்சுவர் நெகிழ்ந்து கொடுக்கப் பழகுகிறது என்கிறார்கள்.

அந்தப் பயிற்சிக்கு என்ன கருவி வேண்டும் தெரியுமா? ஒரு சுவர். முதுகைச் சாய்த்து, காலை இரண்டடி முன்னே வைத்து, நாற்காலியில் உட்காருவதுபோல் கொஞ்சம் இறங்கி நிற்பது. முதலில் இருபது நொடி போதும். பழகிய பிறகு இரண்டு நிமிஷமாக நான்கு தடவை, நடுவில் ஓய்வு, வாரம் மூன்று நாள். முழங்கால் வலிக்காரர்கள் ரப்பர் பந்தை அழுத்திப் பிடிக்கலாம். 180/110க்கு மேல் இருப்பவர்கள் மருத்துவர் அம்மாவைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

சுவரை வைத்துத்தான் சித்திரம்! மாமன்ற உறுப்பினர் அவர்களே, நான் கேட்பது நிஜச் சுவர். நம் பூங்காவில் இருந்த மதிலை இடித்துக் கம்பி வேலி போட்டார்கள். வேலியில் முதுகு சாய்க்க முடியுமா? வாங்கி வைத்த இயந்திரங்களோ கடல் காற்றில் துருப்பிடித்து, பிள்ளைகள் சட்டை காயப்போடுகிறார்கள். இருபதடி நீளத்துக்கு வழவழப்பாகப் பூசிய ஒரு சுவர், மேலே நிழலுக்கு ஒரு தகரம், இடுப்பு உயரத்தில் துருப்பிடிக்காத கம்பி. மூன்றாவது மனு இது. கூடவே ஒரு வேண்டுகோள், அந்தச் சுவரில் யாரும் போஸ்டர் ஒட்டக் கூடாது. நாங்கள் சாய்ந்து நிற்கும்போது தலைக்கு மேல் 'கண்ணீர் அஞ்சலி' இருந்தால், நின்ற பலன் அங்கேயே போய்விடும்.

உப்பைப் பற்றிப் பேச வேண்டும், முதுநகர்க் கருவாட்டைப் பற்றியும். செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். மாத்திரையைப் பற்றி ஒரே வார்த்தை: பயிற்சி தொடங்கிவிட்டோம் என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். மற்றதை அம்மா பேசுவார்கள்.

மனுவைக் கடைசி வரிசையிலிருந்து அனுப்பியிருக்கிறேன், கையெழுத்துப் போடுங்கள். பேனா ஒன்றுதான் இருக்கிறது, அது தலைவருடையது. திரும்பி வர வேண்டும்.