‘ட்வென்டி ஃபைவ் ட்வென்டி ஒன்’: ஹீடோவின் வாளைப் பிடுங்கிய 1997

[திரையில்: பள்ளிப் பயிற்சிக் கூடம். சுவரில் மாட்டிய வாள்கள்.]

வணக்கம். ஒரு பள்ளிக்கூடத்தில் வாள்வீச்சு அணியைக் கலைக்கிறார்கள். பிள்ளைகள் யாரும் தப்பு செய்யவில்லை, ஒழுங்காகத்தான் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தார்கள். பள்ளியிடம் பணம் இல்லை, அவ்வளவுதான். நா ஹீடோ என்ற பெண் விடாமல் காரணம் கேட்கிறாள். உன் கனவைப் பறித்தது நாங்கள் இல்லை, இந்தக் காலம் என்கிறார்கள்.

‘ட்வென்டி ஃபைவ் ட்வென்டி ஒன்’ என்ற கொரிய நாடகம் கிட்டத்தட்ட இங்கிருந்துதான் கிளம்புகிறது. 2022 பிப்ரவரியில் டிவிஎன் தொலைக்காட்சியில் தொடங்கி ஏப்ரலில் முடிந்தது. மொத்தம் 16 அத்தியாயங்கள். நம் ஊரில் பெரும்பாலானோர் இதை நெட்ஃபிளிக்ஸில் ஒரு காதல் கதையாகப் பார்த்து, கடைசியில் அழுதார்கள். காதல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ‘இந்தக் காலம்’ என்று பள்ளியில் கைகாட்டினார்களே, அது என்ன காலம் என்று தெரிந்துகொண்டு பார்த்தால் நாடகமே வேறு மாதிரி தெரிகிறது. இந்த வீடியோவில் அதைத்தான் பேசப்போகிறோம். முடிவைப் பற்றியும் பேசுவேன், அதனால் இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

[திரையில்: 1997, சியோல். செய்தித்தாள் தலைப்புகள்.]

சரி, 1997-ல் என்ன நடந்தது? அதற்கு முந்தைய ஆண்டு டிசம்பரில்தான் தென்கொரியா பணக்கார நாடுகளின் அமைப்பான ஓஇசிடியில் சேர்ந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் அமோகம். உள்ளே பெரிய தொழில் குழுமங்கள் கழுத்தளவு கடனில் இருந்தன. வங்கிகள் வெளிநாட்டில் குறுகிய காலக் கடன் வாங்கி, அதை நீண்ட காலத்துக்கு உள்நாட்டில் கொடுத்திருந்தன. 1997 ஜனவரியில் ஹான்போ ஸ்டீல் நிறுவனம் கவிழ்ந்தது. ஜூலையில் தாய்லாந்தின் நாணயமான பாட் சரிந்தது. வெளிநாட்டு வங்கிகள் பயந்துபோய், கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டன. ஒரு டாலருக்கு 900 வொன் அளவில் இருந்த கொரிய நாணயத்தின் மதிப்பு, டிசம்பரில் 2,000 வொன்னை நெருங்கும் அளவுக்கு விழுந்தது. அந்நியச் செலாவணி கையிருப்பு கிட்டத்தட்டக் காலி.

நவம்பர் 21 அன்று கொரிய அரசு சர்வதேச நாணய நிதியத்திடம் உதவி கேட்டது. டிசம்பர் 3-ல் ஒப்பந்தம். நிதியம் கொடுத்தது 2,100 கோடி டாலர். உலக வங்கி, மற்ற நாடுகளின் பங்கையும் சேர்த்து அறிவித்த தொகை ஏறக்குறைய 5,800 கோடி டாலர். கூடவே நிபந்தனைகளும் வந்தன: வட்டியை உயர்த்து, செலவைக் குறை, திவாலாகும் நிறுவனத்தைத் தாங்கிப் பிடிக்காதே. 1997-ல் 3 சதவீதத்துக்குள் இருந்த வேலையின்மை, 1998-ல் 7 சதவீதத்தைத் தொட்டது.

இவ்வளவு பெரிய விஷயத்தை நாடகம் எப்படிச் சொல்கிறது என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். பொருளாதாரப் பாடம் எடுப்பதே இல்லை. ஒருத்திக்கு வாள்வீச்சு அணி போகிறது, ஒருவனுக்கு வீடு போகிறது.

அந்த ஒருவன் பேக் யிஜின். அப்பாவின் தொழில் திவாலாகும்வரை சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் சுற்றியவன், நாசாவில் வேலை பார்க்க வேண்டும் என்று கனவு கண்டவன். இப்போது காலையில் செய்தித்தாள் போடுகிறான், அப்புறம் காமிக்ஸ் வாடகைக்கு விடும் ஒரு லெண்டிங் லைப்ரரியில் உட்கார்ந்திருக்கிறான். அப்பாவும் அம்மாவும் காகிதத்தில் விவாகரத்து செய்துகொள்கிறார்கள். கடன் குடும்பத்தின் தலையில் விழாமல் இருக்க அதுதான் வழி. அவனுக்கு 22, ஹீடோவுக்கு 18.

இரண்டாவது அத்தியாயத்தில் ஒரு காட்சி வருகிறது. அப்பாவிடம் பணத்தை இழந்தவர்கள் யிஜினைத் தேடி அவன் அறைக்கே வந்துவிடுகிறார்கள். அவர்கள் அடியாட்கள் இல்லை. எல்லாம் போய் நடுத்தெருவுக்கு வந்த சாதாரண மனிதர்கள். அவன் தலையைக் குனிந்து நிற்கிறான். கொடுக்கப் பணம் இல்லை, வேறு எதுவும் இல்லை. அதனால், இனி எந்த நொடியிலும் நான் சந்தோஷமாக இருக்க மாட்டேன் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுக்கிறான். இதை ஹீடோ கேட்டுவிடுகிறாள்.

[திரையில்: இரவு, பள்ளி வளாகம், வரிசையாகக் குழாய்கள்.]

அவள் அவனை ராத்திரியில் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துப் போகிறாள். வெளியே கைகழுவும் குழாய்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றின் வாயையும் மேலே பார்க்கத் திருப்பி, எல்லாவற்றையும் திறந்துவிடுகிறாள். தண்ணீர் பீய்ச்சி அடிக்கிறது. இரண்டு பேரும் நனைகிறார்கள், அவன் சிரித்துவிடுகிறான். அப்புறம் அவள் சொல்வது இதுதான்: நாம் இரண்டு பேரும் சேர்ந்திருக்கும்போது மட்டும் யாருக்கும் தெரியாமல் சந்தோஷமாக இருப்போம். கடன் ஒரு வொன்கூடக் குறையவில்லை, இருந்தாலும் பதினெட்டு வயதுப் பெண்ணால் அந்த ராத்திரிக்குச் செய்ய முடிந்ததை அவள் செய்துவிடுகிறாள். அந்தப் பதினெட்டை நடித்த கிம் டேரிக்கு அப்போது வயது 31. அந்த ஆண்டின் தென்கொரிய பேக்சாங் விருதில் சிறந்த தொலைக்காட்சி நடிகை அவர்தான். குழாய்க் காட்சி ஒன்று போதும், அந்த விருது ஏன் என்று புரிந்துகொள்ள.

ஹீடோ எப்படியோ தேயாங் பள்ளிக்கு மாறி, அங்கே தன் வயதிலேயே நட்சத்திரமாகிவிட்ட கோ யூரிமுடன் மோத ஆரம்பிக்கிறாள். இருவரும் வீசுவது சேபர் என்ற வகை வாள். இந்த வாளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால்தான் அடுத்த பெரிய காட்சி புரியும். சேபரில் இடுப்புக்கு மேலே பட்டால்தான் புள்ளி. குத்தவும் செய்யலாம், வெட்டவும் செய்யலாம். ஒரே நேரத்தில் இருவரும் தொட்டு இரண்டு விளக்கும் எரிந்தால், தாக்குதலை முதலில் தொடங்கியது யார் என்று நடுவர் முடிவு செய்வார், புள்ளி அவருக்கு. கண் இமைக்கும் நேரத்தில் நடக்கும் விஷயம், தீர்ப்பு ஒருவர் கையில். சென்னையின் பவானி தேவி 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இறங்கினாரே, அதே சேபர்தான். ஒலிம்பிக்கில் ஆடிய முதல் இந்திய வாள்வீச்சு வீரர் அவர்.

நாடகத்தில் கியோங்ஜு ஆசியப் போட்டி இறுதி. கடைசிப் புள்ளியை நடுவர் ஹீடோவுக்குக் கொடுக்கிறார், யூரிம் எதிர்க்கிறாள். தங்கத்தைத் திருடிவிட்டாள் என்று ஊரே ஹீடோவைத் திட்டுகிறது. அதற்குள் பட்டப்படிப்பை முடிக்காமலே தொலைக்காட்சிச் செய்தியாளராகிவிட்ட யிஜின், நடுவரைத் தேடிப் பிடித்துப் பேட்டி எடுத்து அவளைக் காப்பாற்றுகிறான். இந்தப் போட்டி கற்பனை. நிஜத்தில் அந்தக் காலத்து ஆசியப் போட்டி 1998-ல் பாங்காக்கில் நடந்தது. பெண்கள் சேபர் ஒலிம்பிக்குக்கு வந்ததே 2004-ல் ஏதென்ஸில்தான். கதைக்காக வரலாற்றை வளைத்திருக்கிறார்கள், எனக்கு அதில் வருத்தமில்லை.

மற்ற பிள்ளைகளில் சுங்வானைச் சொல்லாமல் போக முடியாது. பள்ளியின் முதல் மாணவி. தோழன் ஜிவூங்கை ஆசிரியர் அடித்ததை வெளியே சொல்லிவிட்டு, மன்னிப்புக் கேட்க மறுத்து, பள்ளியை விட்டே போகிறாள். அவள் அம்மா மகள் பக்கம் நிற்கிறார். சியோல் பள்ளிகளில் அடிப்பதற்குத் தடை வந்தது 2010-ல். அவள் பத்தாண்டுக்கும் மேல் முந்திவிட்டாள், அதற்கான விலையையும் கொடுத்தாள்.

யூரிம் கொடுக்கும் விலை இன்னும் கொடுமையானது. அப்பா ஒரு விபத்தில் சிக்கி, வீட்டின் மீது பெரிய தொகை கட்ட வேண்டிய பாரம் வந்து விழுகிறது. அவள் ரஷ்யக் குடியுரிமை வாங்கி, அந்த நாட்டுக்காக ஆடச் சம்மதிக்கிறாள். துரோகி என்கிறார்கள். அந்தச் செய்தியை முதலில் வெளியிட்டவன் யிஜின். தன் தோழியின் வாழ்க்கையைத் தலைப்புச் செய்தியாக்க வேண்டிய வேலை அவனுடையது.

இங்கேதான் அந்த முடிவு வருகிறது. ஹீடோவும் யிஜினும் பிரிகிறார்கள். பல வருடம் கழித்து ஹீடோவின் மகள் அம்மாவின் டைரியைப் படிக்கிறாள், அவளுடைய அப்பா யிஜின் இல்லை. ரசிகர்கள் கொதித்தார்கள். எழுத்தாளர் ஏமாற்றிவிட்டார் என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹீடோவின் அம்மா செய்தி வாசிப்பாளர். கணவரின் இறுதிச் சடங்கு அன்றும் செய்தி வாசிக்கப் போனவர். மகள் அதை மன்னிக்க எத்தனை அத்தியாயம் ஆகிறது என்று பாருங்கள். 2001 செப்டம்பரில் நியூயார்க் கோபுரங்கள் விழுந்தபோது யிஜின் அங்கே போய்ச் செய்தி சொல்கிறான், போனவன் திரும்பி வர முடிவதில்லை. சிறு வயதில் அம்மாவுக்காகக் காத்திருந்த அதே காத்திருப்பு ஹீடோவுக்கு மறுபடி வருகிறது. நாசா கனவு உடைந்த பிறகு யிஜினுக்குக் கிடைத்த ஒரே கௌரவமான வேலை இது. அவனால் அதை விட முடியவில்லை, அவளால் இன்னொரு தடவை அப்படிக் காத்திருக்க முடியவில்லை.

கொரியா அந்த நிதியத்தின் கடனைக் கெடுவுக்கு மூன்று ஆண்டு முன்னதாகவே, 2001 ஆகஸ்டில் அடைத்துவிட்டது. நாடகத்தில் இவர்கள் பிரிவது அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான்.